ராக்கப்பன் என்று கூப்பிடுகிறார்கள்

கராமா, துபாய்
13.11.2007

அன்புள்ள கனகா,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால், சைட்டில் எல்லோரும் என்னை ராக்கப்பன் என்றே கூப்பிடுகிறார்கள். ஃபோர்மேன் "ராக்கப்பன், ஜல்தி" என்று கத்தும்போது அப்பாவையே அதட்டுவது போலிருக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

நேற்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஜான்சனிடம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இது என் அப்பா பெயர் என்றேன். அவர் சிரித்தார். ஜான்சன் என்றால் ஜானின் மகன் என்று அர்த்தமாம். எந்தக் காலத்து ஜானோ தெரியாதாம். இங்கிலாந்தில் எங்கே திரும்பினாலும் ஒரு ஜான்சன் இருப்பாராம்.

"அப்போ உங்க பேரு?" என்று கேட்டேன்.

"பீட்டர். வீட்டுல என் மனைவி கூப்பிடுவா" என்றார்.

விஜயபாஸ்கர் லீவு முடிந்து வரும்போது பருப்புப்பொடி கொடுத்துவிடு. இன்னொன்று. வெள்ளிக்கிழமை போனில் "என்னங்க" என்று ஆரம்பிக்காமல், ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அப்பா வெளியே போயிருக்கும்போது மெதுவாகச் சொன்னால் போதும்.

டூட்டிக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

பாலகுரு