பாதம் நனையாத கன்னிமார்

முருகன் துணை

கன்னித்தாங்கல், திருத்தணி வழி
1976, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

பம்பாயில் இருக்கும் மாப்பிள்ளை பாலசுப்பிரமணியனுக்கு, மாமன் கோதண்டபாணி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அதிலும் நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிக சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. மில்லில் ராத்திரி ஷிப்டு பார்த்துப் பார்த்துக் கண் உள்ளே போயிருக்கும் என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இன்னும் கொஞ்ச காலம்தான், பொறுத்துக்கொள். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, உன் பெண்சாதி சந்திரா ஐந்து மாதத்துக்கே ஏழு மாதம் போலப் பூரித்திருக்கிறாள். பிறக்கப் போவது பேரன்தான், நான் சொல்லி எது தப்பியிருக்கிறது? உன் அம்மா, என் அம்சா அக்கா, கீழத்தெரு வீட்டில் இன்னமும் குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருக்கிறாள். கிழவிக்கு இடுப்பு வலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. நேற்று காவடிக் கூட்டத்தோடு மலையேறினேன். படியில் ஜனங்கள் எனக்குத் தேருக்கு ஒதுங்குகிறமாதிரி ஒதுங்கி வழிவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

நம் ஊருக்குத் தொழிற்பேட்டை வரப்போகிறது, மாப்பிள்ளை. அதற்கென்றே ஸ்பெஷல் ஆபீசர் ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். பரந்தாமன் என்று பெயர். ஜீப்பை விட்டு இறங்கினதும், இந்த ஊரில் விஷயம் தெரிந்தவர் யார் என்று கேட்டாராம். தெருவே என் வீட்டைக் கை காட்டியிருக்கிறது. எட்டாவதோடு நிறுத்திய படிப்பு என்று நான் சொன்னதற்கு, உங்களுக்கு அதற்கு மேல் எதற்கு என்று கேட்டுவிட்டார். 

கம்பெனிக்காரன் நிலத்தைத் தேடி வருவதில்லையாம், தயாரான நிலத்தைத் தேடி வருகிறானாம். மேடு பள்ளம் இருக்கக் கூடாது. ரோடு வாசல்வரை வரவேண்டும். கரண்டுக் கம்பி தலைக்குமேல் போகவேண்டும். முதலாளி வந்து இறங்கின மறுநாளே மெஷினைப் பூட்டவேண்டும். பெண் பார்க்க வருகிறவன் வருவதற்குமுன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லையா, அதேதான். இந்த உவமையை அவர் எனக்குச் சொன்னாரா, நான் அவருக்குச் சொன்னேனா என்பது மறந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராக்காரர்களும் அதே கம்பெனிக்கு நிலத்தைத் தட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். நாம் பிந்தினால் கார் நேரே அங்கே போய்விடும்.

நிலம் பார்த்தாகிவிட்டது. ஏரிக்குக் கிழக்கே, கலங்கலை ஒட்டிய புறம்போக்கு. ஒரே ஒரு குறை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கிப் போகிற கால்வாய், அந்த நிலத்தின் நடு வயிற்றில் ஓடுகிறது. அதிலும் நம் கன்னிமார் ஏழு பேரும் கலங்கல் ஓரத்திலேயே நிற்கிறார்கள். பாதம் நனைந்தால் பறை என்பது நம் ஊர் வழக்கமாயிற்றே. ஏரித் தண்ணீர் கன்னிமார் பாதத்தைத் தொட்டதும் ஏரிக்குக் காவலிருக்கும் நீர்கட்டி முனியன் பறையடிப்பான், கீழத்தெரு முழுக்கத் தறியிலிருக்கும் பாவு நூலைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடும். நீயும் சின்னவனாக என் தோளில் உட்கார்ந்து ஓடியிருக்கிறாய். 

கால்வாயை மூடிக் கலங்கலை அடைத்துவிட்டால் நிலம் தயார், கன்னிமாருக்கும் என்னிடம் ஒரு வழி இருக்கிறது. அது முடிந்ததும் எழுதுகிறேன். தொழிற்பேட்டை வந்தால் உனக்குப் போர்மேன் நாற்காலி என்று ஆபீசர் வாய் திறந்து சொல்லிவிட்டார். பம்பாய்க்காரனிடம் இப்போதே கணக்கை முடிக்கச் சொல்லி வை.

இப்படிக்கு, உன் நலனையே நினைக்கும் மாமன்,
கோதண்டபாணி


கன்னித்தாங்கல்
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். நீ எழுதின கடிதம் கிடைத்தது. கலங்கலை அடைப்பது சரியா மாமா என்று ஒரே வரி கேட்டிருந்தாய். பம்பாய்த் தண்ணீர் குடித்தால் மனிதன் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உன்னிடம்தான் கண்டேன்.

வேலை பிரமாதமாக முடிந்துவிட்டது. புல்டோசர் என்று ஒன்று வந்தது, யானை அதன் முன்னால் கன்றுக்குட்டி. கால்வாயை மூடி, கலங்கலில் கருங்கல்லைக் கொட்டி, அதன்மேல் தார் ரோடு போட்டாயிற்று. மண் போதவில்லை என்றார்கள். ஏரிக்கரை பின்பக்கம் வேண்டாத சதை போட்டுக் கிடக்கிறதே, கொஞ்சம் இளைக்க வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். நிலம் இப்போது கல்யாணத் தாம்பாளம்போல இருக்கிறது. ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கமும் உருளாது. நானே வைத்துப் பார்த்தேன்.

கன்னிமாரைத் தொட ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆபீசரே கையைப் பிசைந்தார். அப்போது நான் கரைமேல் ஏறி நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். திருத்தணி முருகன் எங்கே இருக்கிறான்? மலை உச்சியில். அவனுக்கு உச்சி, நம் பெண்பிள்ளைகள் ஏழு பேருக்கும் சேறா? அவ்வளவுதான், கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. பொங்கல் வைத்து, கோழி அறுத்து, ஏழு கல்லையும் பெயர்த்துக் கரை உச்சியில் சிமெண்டு மேடை போட்டு நிறுத்திவிட்டேன். பழைய இடத்தைவிட இரண்டு ஆள் உயரம். தலைக்கு மேலே ஓட்டுக்கூரை. மேடையில் என் பெயரைப் பொறிக்கிறேன் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். பிறகு சின்னதாகப் பொறிக்கச் சம்மதித்தேன்.

வழக்கம் மாறினால் சாமி கோபிக்கும் என்று எல்லப்பன் முனகினான். உனக்குத் தெரியுமே, நம் எதிர்வீட்டுக்காரன், எதிலும் சொத்தை பார்ப்பவன். வழக்கம் ஏன் மாற வேண்டும்? பாதம் நனைந்தால் பறை, அது அப்படியேதான் என்று ஊர் நடுவில் நின்று சொன்னேன். எல்லாருக்கும் திருப்தி. அக்காவுக்கு மட்டும் இல்லை. ‘இன்னாடா கோதண்டம், சாமிய மேல தூக்கி வெச்சிட்ட, சரி. தண்ணியும் ஒன் பேச்சக் கேட்டு அவ்ளோ தூரம் ஏறி வந்துதான் சொல்லிட்டுப் போவுமா?’ என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாள். படிக்காதவள். நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சந்திராவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. பள்ளிப்பட்டுக் கடைத்தெருவில் வளையல் சொல்லிவிட்டேன். நாலு நாளாக மேற்கே நகரி மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு நல்ல மழை. ஏரிக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கீழத்தெருவில் தறிக்குழி எல்லாம் லேசாக ஈரம் கண்டிருக்கிறது. பட்டணத்தில் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், உங்களுக்கு உட்கார்ந்த இடத்தில் ஊறுகிறதே, அதிர்ஷ்டம் என்று எல்லப்பனிடம் சொன்னேன். அவனுக்குத்தான் தமாஷ் புரியாதே.

ஐப்பசியில் முதலாளிகள் பார்க்க வருகிறார்கள். மாலை போடப்போவது யார் என்று நீயே யூகித்துக்கொள்.

என்றும் உன் மாமன்,
கோதண்டபாணி


கன்னித்தாங்கல்
ஐப்பசி, தீபாவளி கழிந்த வாரம்

மாப்பிள்ளைக்கு அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லாம் விசேஷமாக இருக்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு ஒன்றும் வெடிக்கவில்லை, எல்லாம் நமத்துவிட்டது. மழை அப்படி.

முதலாளிகள் வருவது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. ஆபீசர் பரந்தாமன் லீவில் போயிருக்கிறார். போகிறபோது, கலங்கல் பக்கம் சும்மா ஒரு குழாய் அளவுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். பயந்து கேட்கவில்லை, ஒரு யோசனையாகத்தான் கேட்டேன். ரோட்டுக்கு நடுவே பள்ளம் கண்டால் முதலாளி காரைத் திருப்பி எல்லைக்கு அப்பால் போய்விடுவார், உங்கள் ஊர் பிழைப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். புல்டோசரும் வேறு ஊருக்குப் போய்விட்டது. நேற்று சாயங்காலம் உடம்புக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அந்த ரோட்டில் குத்திப் பார்த்தேன். கடப்பாரைதான் வளைந்தது. மேற்பார்வை பார்த்தது யார்? அவ்வளவு பலமான வேலை.

ஏரி இந்த மாதிரி நிறைந்து நான் பார்த்ததில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நம் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கரைக்கு அந்தப் பக்கம் நீர்க்கோழி நீந்துவது தெரிகிறது என்று ஒருத்தி சொன்னாள். பெண்கள் மிகைப்படுத்துவார்கள். கரையின் பின்பக்கம், மண் எடுத்த இடத்தில், ஊற்று கண்டிருக்கிறது. முந்தாநாள்வரை தெளிந்த தண்ணீராக வந்தது. இன்று கலங்கலாக, மண்ணோடு வருகிறது.

முனியன் பறையை மடியில் வைத்துக்கொண்டு மேடையடியிலேயே உட்கார்ந்திருக்கிறான். பறையை அடித்துவிடேன்டா என்று விளையாட்டாகச் சொன்னேன். ‘பாதம் நனைஞ்சாத்தாங்க பறை. ஆத்தா காலு காய்ஞ்சிகினு கீது. பொய்ப்பறை அடிச்சா கை வெளங்காம பூடும்னு எங்க நைனா சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்களேதான ஊரைக் கூட்டி வழக்கம் மாறாதுன்னு சொன்னீங்க?’ என்றான். நல்ல விசுவாசமான ஆள்.

சந்திரா எட்டாம் மாதத்தில் குனிந்து குனிந்து தறிக்குழியிலிருந்து தண்ணீர் மொள்ளுகிறாள். ‘மொண்டு ஊத்த ஊத்த வந்துகினே இருக்குது நைனா, எனக்கு பயமா கீது’ என்று நேற்று அழுதாள். மலைக்குப் போய்ச் சத்திரத்தில் நாலு நாள் இருங்களேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘ஆங், போறேன். பாதம் காய்ஞ்சிருக்குது, நிம்மதியா நெய்யுங்கடின்னு வீடு வீடா சொன்னது நீதான? இப்ப தெருவ வுட்டுட்டு நான் மட்டும் போவணுமா?’ என்றாள். எல்லப்பன் வீட்டிலும் சொன்னேன். ‘இன்னா மொதலியாரே, இன்னிக்கு இன்னா கதை?’ என்று கேட்டுச் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொள்கிற பழக்கம் இந்தத் தெருவுக்கு. இதில் எதைக் கழிப்பார்கள் என்று தெரியவில்லை.

அதனால் உனக்கு ஒரு சின்ன வேலை. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷம், சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு ஓடு. தந்தியை எனக்கு அடிக்காதே, அம்மா பெயருக்கு அடி. மில்லில் மெஷின் உன்மேல் விழ இருந்தது, முருகன் காப்பாற்றினான், அப்போதே மலைக்கு வேண்டிக்கொண்டாய் என்று போடு. வேண்டுதல் என்னவென்றால், நம் கீழத்தெரு முழுக்க, கைக்குழந்தைவரை ஒரு தலை விடாமல், உடனே மலைமேல் ஏறித் தங்கவேண்டும். உன் பெயரில் அங்கே சாப்பாடு. கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். தவறினால் உன் உயிருக்கு ஆகாது என்று சேர்த்துக்கொள். என் பேச்சைத் தட்டுவார்கள், சாமிக்கு நேர்ந்ததைத் தட்டமாட்டார்கள். சோற்றுக்கு என் தறியையும் மாட்டையும் விற்றுக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

நானே இங்கிருந்து உனக்குத் தந்தி அடித்திருப்பேன். திருத்தணித் தபாலாபீசில் தந்தி வாங்குகிறவன் எல்லப்பனின் தம்பி. என் கையெழுத்தில் இதைப் பார்த்தால் வேண்டுதல் பொய் என்று அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிடும். கடிதமென்றால் யாரும் பிரிக்கமாட்டார்கள். ரோட்டில் முழங்கால் தண்ணீர், இருந்தாலும் இதை நானே நடந்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் பம்பாய் மெயில் வண்டியின் தபால் பெட்டியில் போடுகிறேன். போட்டதும் திரும்பி வந்துவிடுவேன். இன்று என் கையால் சோறு என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

மாப்பிள்ளை, இதுவரை நான் உனக்கு எழுதினதில் பாதியை நீயும் கழித்திருப்பாய். அது உன் இஷ்டம். இதில் மட்டும் கழிக்காதே. நூறு வயது இரு. பிள்ளை பிறந்தால் என் பெயர் வைக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்படிக்கு,
மாமன் கோதண்டபாணி

பின்குறிப்பு: ஒட்டுவதற்குமுன் கரைக்குப் போய்க் கன்னிமார் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மேடை தெருப்பக்கமாக ஒரு முழம் சாய்ந்திருக்கிறது. பாதத்தில் சொட்டு ஈரம் இல்லை.