உள்தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் மகளும் சுகம்தானே? என் இருமல் விட்டுவிட்டது.

இங்கே ஒரு மாணவியர் விடுதியில் தச்சுவேலை. அறைக்கதவுகளின் உள்தாழ்ப்பாளையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். போடத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கழற்றக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "எதுக்கு சார்?" என்று வார்டனிடம் கேட்டேன்.

"பரீட்சை வருதில்ல? போன வருஷம் ஒரு பொண்ணோட கதவை உடைச்சோம். உடைச்சும் காப்பாத்த முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் மகள் தொந்தரவில்லாமல் படிக்கட்டும் என்று லீவில் வந்து நானேதானே அவள் அறைக்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன்!

போனை நீ ஸ்பீக்கரில் போடுவாய், அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். இழுப்பறையில் திருப்புளி இருக்கிறது, உடனே கழற்றிவிடு. மார்க்கைப் பற்றி மூச்சுவிடாதே, அவள் பக்கத்தில் போய் உட்கார். ஏன் கழற்றினாய் என்று கேட்டால், "அப்பா வர்றப்போ தட்டாம உள்ள வரணுமாம்" என்று சொல்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இன்னும் பாதிக் கதவுகள் மிச்சம்.