மலை போட்ட அட்டை

இன்று காலை நூலகத்துக்கு ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. தேரடித் தெருவில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம் கொடுத்தனுப்பியிருந்தது. சணல் கயிற்றை அவிழ்த்தபோது பழைய காகித வாசனைக்கு முன்னால் கற்பூர வாசனை வந்தது. பஞ்சாங்கங்கள், பாட்டுப் புத்தகங்கள், அவற்றுக்கு நடுவே உன் புத்தகம்.

எங்கள் அட்டெண்டர் அண்ணன்தான் அதை முதலில் கையில் எடுத்தார். அட்டையில் இருந்த மலையின் உச்சியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"சாமி புக்கு போலக்குது மேடம். ஆன்மிகத்துல வெச்சிடட்டா?"

"இல்லண்ணா. சிறுகதைல வைங்க."

"மலை போட்டுக்குதே?"

"போட்டுட்டோம்ணா," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

பிரித்தேன். முதுகில் பசை உடைகிற சத்தம் கேட்டது. புதுப் புத்தகத்தை முதன்முதலாகத் திறக்கும்போது மட்டும் கேட்கும் சத்தம். உள்ளே ஒரு தபால் அட்டை. ஒரு பக்கம் என் கையெழுத்தில் என் அப்பா வீட்டு முகவரி. மறுபக்கம் ஒன்றுமில்லை. ஆறு வருடமாக ஒரு வீட்டில் பூவும் புகையும் காட்டி வைத்திருந்த புத்தகத்தை இன்றைக்கு நான்தான் முதலில் திறந்திருக்கிறேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த ஒரு புத்தகத்தைத் தூக்கி அலமாரியில் வைப்பதற்கே எனக்குச் சோர்வாக இருந்தது. அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். நான் கல்யாணமாகி ஏழே மாதத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து, நூலகத்தில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் இந்த ஊரில் நீதான். டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு வருவாய், நாவல் அலமாரிக்கு முன்னால் நிற்பாய், "இதுக்கு மேல நல்லது இருந்தா குடுடி" என்பாய். அவ்வளவுதான் நம் பழக்கத்தின் தொடக்கம். பிறகு ஒருநாள் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். உன் வார்டுப் பெண்கள் அதில் இருந்தார்கள். மூன்றாவதையும் பெண்ணாகப் பெற்றவள், பெற்ற பிள்ளையைப் பார்க்க யாரும் வராதவள், மயக்கத்தில் உண்மை பேசியவள்.

பத்திரிகைகளுக்கு அனுப்பினோம். நாம் வைத்த உறையிலேயே எல்லாம் திரும்பி வந்தன. "திருப்பி அனுப்பற வேகத்துல படிச்சிருந்தாங்கன்னா பெரிய ஆளுங்கதான்," என்று நீ சிரித்தாய். அதற்கடுத்த வாரம், "நாமே போட்டுடலாம்டி," என்றாய். "ஐந்நூறு காப்பி. யாரோ ஒருத்தி படிச்சிட்டு, ஆமா, இப்படித்தான்னு சொன்னா போதும் எனக்கு."

உனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நான் அதைச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. விற்பதைப் பற்றித்தான் யோசித்தேன்.

அச்சகத்துப் பாயிடம் போனோம். நீ அட்டைக்கு ஒரு இரும்புக் கட்டில் படம் வேண்டும் என்றாய். புத்தகத்தின் பெயரே 'நாலாவது கட்டில்'தானே.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கட்டிலா? அதுக்குப் புதுசா அச்சு பிளாக் செய்யணும்மா. மெட்ராஸ் போயி வரணும். தீபம் கழிஞ்சிதான் கிடைக்கும். நம்மகிட்ட மலை பிளாக் ஒண்ணு இருக்குது பாருங்க, கல்யாணப் பத்திரிகை, கடை காலண்டர், எல்லாத்துக்கும் அதான். ராசியான பிளாக்கு."

"எங்க கதைல மலையே வர்லியே பாய்," என்றாய் நீ.

"ஜன்னலத் திறந்தா தெரியுதில்ல? வந்தா மாதிரிதான்."

நான் பாயின் பக்கம் சேர்ந்துகொண்டேன். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. பத்து நாள் கூட்டம் வரும். மலை படம் இருந்தால் கையில் எடுக்காமல் யாரும் நகர மாட்டார்கள் என்று வாதாடினேன். வாசகர்கள் எழுதுவதற்கு உள்ளே ஒரு தபால் அட்டை வைக்கலாம் என்றும் சொன்னேன். அந்த யோசனையில்தான் உன் முகம் தெளிந்தது. "அப்ப சரி. மலையே இருக்கட்டும்," என்றாய்.

தீபத்துக்கு முன்னால் நாம் செய்யாதது எது? பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடைக்காரர் பத்துப் பிரதியை வாங்கி நோட்டுகளுக்குப் பின்னால் வைத்தார், வாரக் கடைசியில் போய்ப் பார்த்தால் அதே பத்தும் அதே வரிசையில் இருந்தன. மெட்ராஸ் கடைகளுக்குக் கடிதம் போட்டோம், பதிலில்லை. உன் ஹெட் நர்ஸ் ஒன்று வாங்கி, "என்னப் பத்தி எழுதலியே? எழுதியிருந்தா ஊசி போட்டுடுவேன்" என்று சொல்லி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

பிறகு திருவிழா தொடங்கியதும், கடலைக்கடை மூலைக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடை ஓரமாகப் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தோம். நீ லீவு போட்டிருந்தாய். வெயில் ஏறுகிறவரை ஒன்றும் நகரவில்லை. பக்கத்தில் பூ விற்ற அம்மா நம்மைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி தலையக் குனிஞ்சிகினு உக்காந்துக்கிறீங்க? கூவுங்க!"

"என்னன்னு கூவறது?" என்றாய் நீ.

"அத கூட நானே சொல்லணுமா? தள்ளு." அவள் எழுந்து நின்று, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கூவினாள். "மலை புக்கு! மலை புக்கு! ஊட்டுக்கு வாங்கினு போங்க, மலை புக்கு!"

கூட்டம் திரும்பியது. அதுவரை இரும்பு மாதிரி கனத்துக் கிடந்த புத்தகங்கள் எப்படிப் போயின என்று நினைத்தால் இன்னும் எனக்கு வியப்பாக இருக்கிறது. வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாலாவது கட்டிலா? பள்ளியறைப் பாட்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, இது கதை," என்று தொடங்கினாய். "ஆஸ்பத்திரில..."

நான் குறுக்கே புகுந்தேன். "எடுத்துனு போங்க ஐயா, வீட்டுக்கு நல்லது."

அவர் வாங்கிக்கொண்டு போனார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். பிறகு நீ ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தாய். தேர் நாள் முடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டன, உனக்கென்று வைத்திருந்த சிலதைத் தவிர. பூக்கார அம்மா நமக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்து, "அடுத்த தபா முருகரப் போடுங்க, இன்னும் ஜாஸ்தி போவும்," என்றாள். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு தபாலுக்குக் காத்திருந்தோம். உன் டியூட்டி எதுவாக இருந்தாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு என் அப்பா வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாய். பொங்கல் வரைக்கும் வந்தவை மூன்றே அட்டைகள். ஒருவர் விபூதிப் பிரசாதம் அனுப்பச் சொல்லியிருந்தார். ஒருவர் மலையில் ஏற்றிய தீபத்து மை பிரசாதமாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். ஆரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, மகளுக்கு வரன் அமைந்துவிட்டது, புத்தகம் வீட்டுக்கு வந்த வேளை என்று நன்றி எழுதியிருந்தார். அந்த மூன்றாவதை நீ இரண்டு முறை படித்தாய். "இதுக்கு என்ன பதில் போடறது?" என்றாய். "நல்லா இருக்கட்டும்னு போடு," என்றேன். போட்டாய்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வர்றியா?" என்று கேட்டாய். நாலாவது கட்டிலில் படுத்திருந்தவள் அங்கேதான் இருந்தாள். மூன்றாவதும் பெண் என்றதும் மூன்று நாள் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. நாலாம் நாள் வந்த மாமியார் வார்டு வாசலோடு திரும்பிப் போனார். உன் டிபன் கேரியர் சோற்றைத்தான் அவள் சாப்பிட்டாள். அதைத்தான் முதல் கதையாக எழுதியிருந்தாய். அவளுக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டாய்.

அவள் உன்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் குழந்தை. "பேரு என்ன வெச்ச?" என்று கேட்டாய்.

"வேண்டானு வெச்சிட்டாங்க சிஸ்டர். அடுத்தது பையனா பொறக்கும்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். உன் கதையில் அந்தக் குழந்தைக்கு நீ ஓர் அழகான பெயர் வைத்திருந்தாய்.

உள்ளே போனோம். சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் உன் புத்தகம் இருந்தது. மலை உச்சியில் குங்குமம். மேலே ஒரு சாமந்திப்பூ.

நீ மாடத்துக்கு எதிரே போய் நின்றாய். நான்தான் கேட்டேன், "இது ஏதும்மா?"

"அத்த தீபத்துக்குப் போயி வாங்கியாந்துச்சி. தெனம் நான்தான் பூ வெப்பேன்."

"படிச்சியா? நீ அஞ்சாவது வரைக்கும் படிச்சவதானே," என்றாய் நீ.

"ஐயோ! சாமி புக்கு சிஸ்டர். கண்ட கையி படக்கூடாதுனு அத்த தொறக்கவே உடாது."

மாமியார் அடுப்படியிலிருந்து மோரோடு வந்தார். உன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "மலைக்குச் சக்தி ஜாஸ்திம்மா. அது ஊட்ல இருந்தா போதும், படிக்கவா வேணும்?" என்று நம் எதிரே உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருப்பது என்ன என்று நீ சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் அந்த வீட்டில் எப்படி இருப்பாள் என்பது உனக்குத் தெரியும். மோரைக் குடித்தோம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். காதுக்குப் பின்னால் புண் இருந்தது, மருந்து எழுதிக் கொடுத்தாய். பையில் கொண்டுபோன புத்தகத்தை வெளியே எடுக்கவேயில்லை.

பஸ்ஸில் நிலக்கடலை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "வெறும் கதை புக்குனு தெரிஞ்சிருந்தா மத்தியானம் தூங்கறப்பவாச்சும் எடுத்துப் பார்த்திருப்பா இல்ல?" என்றாய். உன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ எழுதவில்லை.

இரண்டு வருடம் கழித்து நீ வேலூருக்கு மாற்றலாகிப் போன அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தேன். பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பினாய்.

"ஏண்டி, ஒண்ணு கேக்கட்டா? நீயாச்சும் படிச்சியா? இல்ல, பிழை மட்டும் திருத்தினியா?"

"நாலு தடவ புரூஃப் பார்த்தேனே, படிக்காமலா?" என்று சிரித்தேன்.

"அது இல்லடி," என்றாய். பஸ் நகர்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. நான் வேலூர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். படித்தேன். ஐந்தாவது கதை. புகுந்த வீட்டை விட்டு ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு வந்து பஸ் ஏறுகிறாள். எத்தனை பேர் என்று கண்டக்டர் கேட்கிறார். அவள் தன் ஊரைச் சொல்லி ஒன்று என்கிறாள். 'ஒன்று என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இல்லை' என்று முடித்திருந்தாய். அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்தினேன். திருத்திவிட்டுக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பாய் எட்டிப் பார்த்து, "மை கண்ணுல பட்டுடுச்சாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

உண்மையில் நான் பெட்டியோடு பஸ் ஏறிய அன்றைக்கு எனக்குக் குரலே வரவில்லை. கண்டக்டர் இரண்டு முறை கேட்டார், பிறகு பக்கத்திலிருந்த ஒரு அம்மா என் ஊரை விசாரித்து எனக்காகச் சொன்னாள். அது உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நான் இருந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்தவளாக என்னை எழுதியிருந்தாய். படித்தேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தால், ஏன் அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து, ஐந்நூறு வீடுகளில் உனக்கு ஒரு வாசகி கிடைக்கிறாளா என்று நீ தேடும்போது, உன் பக்கத்திலேயே பெட்ஷீட்டில் உட்கார்ந்துகொண்டு நானும் சேர்ந்து தேடினேன். ஒரு வார்த்தை போதுமாயிருந்த இடத்தில் நான் பிழைதிருத்தம் கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமைகளில் போளூர் கிளை நூலகத்துக்குப் போய் வருகிறேன். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இருக்கும். கண்டக்டர் தலைகளுக்கு மேலே கையை நீட்டுவார். ஒரு திருவண்ணாமலை, என்பேன். இரண்டாவது முறை கேட்கும்படி வைத்துக்கொள்வதில்லை.