அலையாத்தியின் பெயரில் யாரோ

ஜூலை 3, வியாழன்

மேல்காற்று. வாய்க்காலில் தண்ணீர் நிறைய. எங்கள் வயலில் இன்று நடவு. காலையில் நடவுக்காரர்களுக்கு டீ, பிறகு தக்காளிச் சாதம், ஊறுகாய். அம்மாவுக்குக் கழுத்து வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மதியம் அம்மா படுத்ததும் கன்சோலைப் போட்டேன். அண்ணன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போனது. அலையாத்தி ஏற்கெனவே விளையாட்டுத் தீவின் படகுத்துறையில் நின்றிருந்தாள். ஒரு வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே அணி. அவள் பேசுவாள், நான் பேச மாட்டேன். மைக் இருக்கிறது. குரல்தான் வரவில்லை. ஆமாம் என்றால் ஒரு குதி, இல்லை என்றால் இரண்டு. இப்படிக் கேட்டுக் கேட்டே என் வீடு, வயல் எல்லாம் தெரிந்துகொண்டாள்.

"ஏ வெண்கொக்கு, நடவு முடிஞ்சிச்சா புள்ள? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

வெண்கொக்கு நான். ஒரு குதி.

அவள் ஊர் முத்துப்பேட்டை. இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். போனதில்லை. நிஜப் பெயர் தெரியாது. கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பு.

முஹர்ரம் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். "அப்புறம் உம்மா இத பரண்ல போட்டுடுவாங்க. அதுக்குள்ள கோல்டு ரேங்குக்கு ஏறிடணும் புள்ள."  அதன் பிறகு அவள் ஒரு குண்டும் சுடவில்லை. இருவரும் சும்மா நின்றோம்.

ஜூலை 4, வெள்ளி

புழுக்கம். கரண்ட் மூன்று தடவை போய் வந்தது.

அலையாத்திக்கு ஒரே குஷி. ஏதோ ஒரு டூல் கிடைத்ததாம். "குறியே பாக்க வேணாம், அதுவே பாத்துக்கும். ஓசிதான்." விளையாட்டுக் கம்பெனி கொடுத்தது இல்லை. எவனோ வெளியாள் செய்தது. ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் கேட்டதாம். கொடுத்துவிட்டாள். கன்சோல் அவள் வாப்பா துபாயில் வாங்கியது, கணக்கும் அவர் போன் நம்பரில். அதனால் உறுதி செய்யும் எண் அவருக்குத்தான் போகும்.

"வாப்பா வேலையில இருந்தாங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல புள்ள. ஒவ்வொரு நம்பரா நிறுத்தி நிறுத்திப் படிச்சாங்க. குர்ஆன் ஓதற மாதிரி."

இரண்டு முறை குதித்தேன்.

"வேணாங்கிறியா? போ, பயந்தாங்கொள்ளி."

மறுபடி இரண்டு முறை குதித்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வாய் இருந்தும் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று அவள் வரவில்லை. இன்று நண்பர் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஓடினேன். படகுத்துறையில் ஆள் இல்லை. மேட்டில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குண்டுகூடத் தப்பவில்லை. எதிரில் போய் நின்று ஒரு முறை குதித்தேன். என்னையும் தாண்டிப் போனாள்.

மைக் மூடியிருந்தது. அவள் மைக்கா!

சாயங்காலம் செய்தி: 'ஹாய் சிஸ், உனக்கும் டூல் போட்டுத் தரேன். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அனுப்பு.'

சிஸ்ஸா?

நம்பர் நிஜமாகவே போனுக்கு வந்தது. ஆறு இலக்கம். அனுப்பவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை, கொஞ்ச நேரம். அவள் இல்லை என்று தெரிந்தும் அந்தப் பெயரிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது பிடித்திருந்தது.

ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அம்மா: "உன் கண்ணு எங்கடி இருக்கு?"

ஜூலை 7, திங்கள்

அண்ணனுக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"கணக்கையே தூக்கிட்டானுங்க. பாஸ்வேர்டு, நம்பர் எல்லாத்தையும் மாத்திருப்பான். நீ அந்த நம்பரை அனுப்பியிருந்தா உன்னோடதும் போயிருக்கும். கம்ப்ளைன்ட் குடு, அந்த ஐடிய மூடிடுவாங்க."

"மூடிட்டா அவ எப்படிண்ணே வருவா?"

"அவ யாரு? பேர் என்ன?"

தெரியாது என்றேன்.

"ஒரு வருஷமா யாருகூட விளையாடுற, பேரு கூடவா கேக்கல?"

கரண்ட் போய்விட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை.

என்னிடம் அவளுடையது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை நானே மூடச் சொல்வதா?

ஜூலை 9, புதன்

நாற்று பச்சை பிடித்துவிட்டது என்றார் அப்பா. பூச்சி மருந்து இப்போது வேண்டாமாம்.

இன்று ஆட்டத்தில் பையன்கள் பேசியது காதில் விழுந்தது.

"அலையாத்தியா? செம டுபாக்கூருடா. டூல் போட்டு அடிக்குது."

"எனக்கும் கோட் கேட்டு மெசேஜ். திருட்டு மூதேவி."

அவளையா? தோற்றால்கூட எதிராளிக்கு, "நல்லா அடிச்ச தம்பி," என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவள் பெயரை ஊரே திட்டுகிறது, அவளுக்குத் தெரியாது.

புகார் கொடுத்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்ட இடத்தில் கன்ட்ரோலரால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன்: 'இது அவள் இல்லை.'

ஜூலை 11, வெள்ளி

பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்தில் 'இந்தக் கணக்கு இல்லை'. பச்சைப் புள்ளியும் இல்லை, சாம்பல் புள்ளியும் இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. தலைவலி என்று சொன்னேன். அம்மா சுக்குப் பற்று போட்டாள். நெற்றி எரிகிறது.

புதுக் கணக்கு தொடங்கி அவள் என்னைத் தேடினால்? தேட முடியாது. வெளியாட்கள் கண்ணில் படாதபடி அண்ணன் என் கணக்கைப் பூட்டிவைத்திருக்கிறான். திறந்துவிட்டேன். இப்போது யார் வேண்டுமானாலும் தேடலாம், செய்தி அனுப்பலாம்.

ஜூலை 12, சனி

குப்பையாகச் செய்திகள். 'ஹாய்.' 'நீ பொண்ணா?' 'போட்டோ இருக்கா?' ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். அவள் இல்லை.  ஆனாலும் கணக்கைப் பூட்டவில்லை.

மதியம் அம்மா ஒரத்தநாடு போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். ஆட்டத்தில் இறங்க எல்லோரும் காத்திருக்கும் பொது இடத்துக்குப் போனேன். ஏகக் கூச்சல். மைக்கைத் திறந்தேன். 

"முத்துப்பேட்டைக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

 ஒருத்தன்: "என்னக்கா, பஸ்ஸுக்கு ஆள் ஏத்துறியா? திருத்துறைப்பூண்டி போவுமா?" ஒரே சிரிப்பு.

மைக்கை மூடவில்லை.

மறுபடியும் கேட்டேன்.