உறை மேல் இரண்டு பெயர்

என் செல்ல மகளுக்கு,

இந்தக் கடிதத்தின் ஓரங்களை முதலில் பார். நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கின்றனவா? எல்லாம் உன் அப்பாவின் கைவேலை. கடிதம், அறிக்கை எதுவானாலும் ஆபீஸில் இனி நாங்களே வடிவமைக்க வேண்டுமாம். அதனால் ஆன்லைனில் படிக்கிறேன். பாடம் நடத்தும் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். திட்டுவதும் உன்னைப் போலவேதான்.

அடுத்த பக்கத்துக்குப் போக நான் என்டரைத் தட்டிக்கொண்டே இருப்பேன், நீ சிரிப்பாயே. மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே அத்தனையும் கலைந்துவிடும். இப்போது ஒரே தட்டில் பக்கம் மாறுகிறது. மேனேஜரே என் மேஜைக்கு வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நேற்று, உறை மேல் முகவரி அச்சடிக்கும் பாடம். உன் பெயரைப் போட்டு அம்மாவிடம் காட்டினேன்.

"மாப்பிள்ளை பேரு எங்க?" என்றாள்.

நீ எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டது நேற்றுதான்.

"இடம் பத்தல" என்றேன்.

"எழுத்தைச் சின்னதாக்குங்க. இதுக்குத்தானே படிக்கிறீங்க?"

சின்னதாக்கினேன். இரண்டு பெயரும் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்துவிட்டன. ஸ்டாம்பை அம்மாவே ஒட்டினாள்.

உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே, மாப்பிள்ளையிடம் காட்டு. கம்ப்யூட்டர் உன் அறையில்தான் இருக்கிறது. மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். அகலக் கட்டில் நாளை வருகிறது.

அப்பா