காற்றுத் துளையில் சந்தனம்

அக்டோபர் 21, காலை 9.10
நிலவின் தென்முனை, விளிம்புச் சாவடி. எழுதுபவர்: சரிவைக் கண்காணிக்கும் காவலர் ஆவுடையப்பன்.

என் மேல் பொய்ப்பழி போட்டிருக்கிறார்கள். நேற்று பள்ளத்தின் கிழக்குச் சரிவில் பாறை பெயர்ந்தது, அது பதிவாகவில்லை. "காவலர் உறங்கிவிட்டார், ரெக்கார்டரை இயக்கவில்லை" என்று தலைமை நிலையம் அறிக்கை எழுதிவிட்டது. நான் உறங்கவில்லை. ரெக்கார்டர் நின்றதற்குக் காரணம், அதன் காற்றுத் துளையில் தலைமை நிலைய இயக்குநர் நந்தகோபன் தன் கையால் அப்பிய சந்தனம்.

இதைக் கண்டெடுப்பவருக்காகச் சொல்கிறேன். நிலையத்தின் சொந்தக் கேமராக்கள் இந்தப் பள்ளத்தின் இருட்டைக் கறுப்புத் துணியாகத்தான் காட்டும். சாவடிக்குள் கண்ணாடிச் சன்னலோரம் நிற்கும் என் மிரர்லெஸ் கேமரா அரையிருட்டிலும் பார்க்கும். ஆனால் படத்தை அதற்குள்ளேயே பதிந்தால் சூடேறி அணைந்துவிடும். அதனால் ஒரு கேபிள் வழியாகப் படத்தை வெளியே எடுத்து, பக்கத்தில் உள்ள ரெக்கார்டரில் பதிகிறேன். அங்கிருந்தே தலைமை நிலையத்துக்கும் போகிறது. கேமரா கண், ரெக்கார்டர் நினைவு. தென்காசியில் ஆயுள் முழுக்கக் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை, நானே கற்றேன். முகூர்த்தம் ஒருமுறைதான் வரும். "மாப்பிள்ளை, இன்னொரு தரம் கட்டுங்க" என்று கேட்க முடியாது.

ஆயுத பூஜைக்கு இயக்குநர் ஒரு புகைப்படக்காரரோடு வந்தார். ரெக்கார்டரின் காற்றுத் துளை நிறையச் சந்தனம், அதன் மேல் குங்குமம். தடுத்தேன்.

"பெரியவரே, நல்ல நாளும் அதுவுமா முகத்தைச் சுளிக்காதீங்க. மெஷினுக்கும் தெய்வம் துணை வேணும்ல?"

"மெஷினுக்கு மூச்சு வேணும் சார்."

சிரித்தார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள். காய்ந்த சந்தனம் பொடியாகி விசிறிக்குள் இறங்கிவிட்டது. நேற்று சூடேறிய ரெக்கார்டர் திரையில் படத்தைக் காட்டிக்கொண்டே பதிவை மட்டும் நிறுத்தியது. பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி அணைந்ததைக் கண்டு நான் கை வைப்பதற்குள் சரிவு முடிந்துவிட்டது. நந்தகோபன் முனைவர் பட்டம் இரண்டு வாங்கியவர். காற்று வரும் வழி தெரியவில்லை.

அக்டோபர் 21, காலை 11.40

சரிவுக்கு நேர் கீழே பள்ளக் குடில். பனிக்கட்டி வெட்டும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டிக்குப் பூட்டு தலைமை நிலையத்தில். நந்தகோபன் திறந்தால்தான் நகரும். கேட்டேன்.

தலைமை நிலையத்திலிருந்து நந்தகோபன்: "வீடியோ ஆதாரம் இல்லாம வேலையை நிறுத்த முடியாது. நீங்க தூங்கினதுக்கு ஒன்பது பேரைக் கிளப்பச் சொல்றீங்களா?"

பள்ளக் குடிலின் தலைவி இசக்கியம்மாள் அலைவரிசையில் குறுக்கே வந்தாள்: "அண்ணாச்சி, தரை அதிருதது எங்க காலுக்குத் தெரியுது. அந்த மனுசனுக்கு நம்ம காலு சாட்சி ஆகாது. படந்தான வேணும்? எடுத்துக் குடுங்க."

"எடுத்துத் தாரேன். எல்லாரையும் உடுப்போட இருக்கச் சொல்லு."

"உடுப்போடதான் தூங்குதோம். சொறியக்கூட முடியல."

ரெக்கார்டரைப் பிரித்தேன். 'அனுமதியின்றித் திறக்கக் கூடாது' என்று ஒட்டியிருந்த தாள் கிழிந்தது, கிழியட்டும். பல் துலக்கும் பிரஷ்ஷால் விசிறியைத் தேய்த்தேன். பதிவு மறுபடியும் ஓடுகிறது.

அக்டோபர் 22, மாலை 3.20

கிடைத்துவிட்டது. கிழக்குச் சரிவின் மேல்விளிம்பு பிளந்து, ஒரு வீடு அளவுப் பாறை இறங்கியது. முழுதும் பதிவாகியிருக்கிறது. பழைய படம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கேமராத் திரையின் எண்களையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்தே அனுப்பினேன்.

தலைமை நிலையம்: "அந்தப் பச்சைக் கட்டம் என்ன? பாறையில ஏதாவது குறியா?"

"அது ஃபோகஸ் கட்டம் சார். கட்டத்தை விடுங்க, பின்னாடி மலை நகருது பாருங்க."

"இந்த எண்ணெல்லாம் இல்லாம சுத்தமான படமா அனுப்புங்க. குழு பார்க்கணும்."

சுத்தமான படம்! பிணத்துக்குப் பவுடர் பூசிப் பார்க்கிற ஆட்கள். எண்களை எடுத்தால் 'எப்போது எடுத்தது?' என்று கேட்பார்கள்; வைத்தால் அழகில்லை என்பார்கள். அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதே படத்தோடு நந்தகோபனின் பதிலையும் சேர்த்து, நிலவிலுள்ள எல்லா நிலையங்களுக்கும் திறந்த அலைவரிசையில் விட்டேன். பிற நாட்டு நிலையங்களிலிருந்து ஒவ்வொருவராக அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அரைமணி நேரத்தில் வண்டிப் பூட்டு திறந்தது. மலை நகர்ந்தும் அசையாதவர், மானம் போகுமென்றதும் அசைந்தார்.

மாலை 4.35

புதிய அதிர்வு. முக்காலி சாய்ந்து, கேமராவில் கேபிள் செருகும் துளை உடைந்துவிட்டது. டேப் ஒட்டினேன், நிற்கவில்லை. செருகியை விரலால் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தால் படம் வருகிறது. விட்டால் கறுப்பு.

வண்டி புறப்பட்டுவிட்டது. பாதை சரிவின் அடியில்தான் போகிறது. சாவடிக்கு வெளியே காற்று இல்லை. பாறை சத்தம் போடாது. மெதுவாகத்தான் உருளும், ஆனால் நிற்காது. காதால் கேட்டு விலக முடியாது. வண்டியிலிருந்து மேலே பார்க்கவும் வழியில்லை. இசக்கி என் படத்தைத் தன் திரையில் பார்த்துத்தான் ஓட்டுகிறாள்.

"அண்ணாச்சி, படம் துடிக்குது!"

"வாயாலதான ஓட்டுத? கையால ஓட்டு. படம் நிக்கும்."

தலைமை நிலையம்: "ஐயா, உங்க சாவடிக்கு அடியிலயும் விரிசல் ஓடுது. உடனே வெளியேறுங்க. இது உத்தரவு."

இப்போதுதான் இவருக்கு விரிசல் கண்ணில் பட்டிருக்கிறது. அதுவும் நான் அனுப்பும் படத்தின் கீழ் ஓரத்தில். 'ஐயா' என்ற சொல்லும் இன்றுதான் வாயில் வந்திருக்கிறது. வண்டிக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது. வெளியேறினால் வண்டி குருடு.

வலது கை கேபிளில். இடது கையால் எழுதுகிறேன். மேசை சாய்கிறது, பேனா உருளுகிறது. செய்ய வேண்டியவை:

இசக்கியம்மாள்: திரையை மட்டும் பார்க்க வேண்டும். கடைசி வளைவு தாண்டும்வரை என்னைக் கூப்பிடக் கூடாது. தாண்டிய பிறகும் திரும்பி வரக் கூடாது.

தலைமை நிலையக் காவலர்கள்: வாசலைத் திறந்து வைக்க வேண்டும். ஒன்பது தலையை எண்ணிய பிறகே மூட வேண்டும்.

நந்தகோபன்: 'உறங்கிவிட்டார்' என்று எழுதியதைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். எனக்கு இரங்கல் வாசிக்கக் கூடாது.

இதைக் கண்டெடுப்பவர்: ரெக்கார்டரில் உள்ள பதிவு வட்டை எடுத்து ஒன்பது பேர் கையில் தர வேண்டும். அலுவலகத்தில் தரக் கூடாது.

நான்: கையை எடுக்கக் கூடாது.