சொந்த விருப்பத்தின் பேரில்

கும்மிடிப்பூண்டி,
ஆகஸ்ட் 9.

அன்பு மகன் ஜெரால்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் மூன்று பேரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், புனேயில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, குடோன் வாசலில் நாள் முழுக்க வாட்ச்மேனாக நிற்பதால் கால் மட்டும் வீங்கிவிடுகிறது. உன் தங்கை பிரின்சி மூன்றாவது செமஸ்டர் எழுதி முடித்துவிட்டாள். என்னைக் கையுறை கம்பெனியில் பேக்கிங்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றினார்கள், சம்பளம் மாறவில்லை. போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அம்மா என்று குரலை இறக்கினால் நான் கேட்க வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நடந்தது உனக்குத் தெரியாததில்லை, ஆனால் நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் வரிசையாகவே எழுதுகிறேன். ரோலிங் மில்லை இழுத்து மூடியபோது பத்தொன்பது வருஷ உழைப்புக்கு அப்பா கையில் கொடுத்தது ஆறு லட்சம். அதில் நாலரை லட்சத்தை ஆரம்பாக்கத்தில் வீடு கட்டி விற்கிற சந்திரமோகனிடம் முன்பணமாகக் கட்டினோம். அப்பா வயசுக்கு பேங்கில் லோன் கிடைக்காது என்றார்கள், ஒப்பந்தத்தை உன் பேரில் போட்டோம். ரோட்டைப் பார்த்த ஏழாம் நம்பர் மனை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஆறு மாசம் கழித்து உனக்கு முப்பத்தொன்றாம் நம்பர் மனைதான் என்றான், கடைசி வரிசை, மழை பெய்தால் பக்கத்து வயல் தண்ணீர் வந்து நிற்கிற பள்ளம். ஏன் என்று கேட்கப் போனபோது நீ லீவில் வந்திருந்தாய், என் பக்கத்தில்தான் நின்றாய். அக்கா, முன்னாடி வாங்கிக்கீற பார்ட்டிங்க காலனிக்காரங்க பக்கத்து ஊடுன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க, நீங்க பின்னாடி போய்ட்டா உங்களுக்கும் பேஜாரு இல்ல எனுக்கும் பேஜாரு இல்ல என்று டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னான். அப்பா கொடுத்த செக்கை வாங்கும்போது அவனுக்கு எந்தப் பேஜாரும் இல்லை, நாம் குடியிருக்கிற சுவர்தான் அவனுக்கு நாறுகிறது. அன்றைக்கு டீயைக் கீழே ஊற்றிவிட்டு வெளியே வந்தவன் நீ. அவன் ஊடே வாணாம்மா, காசத் திருப்பி வாங்கு, எத்தினி வருசம் ஆனாலும் உடாத என்று நீதான் சொன்னாய். அந்தப் பேச்சை நம்பித்தான் ஒரு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து லீவு போட்டு, பெரியபாளையத்தில் பஸ் மாறி திருவள்ளூர் நுகர்வோர் கோர்ட்டுக்கு அலைகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அவனுடைய வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேற்படி வீடு எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வேண்டாம் என்று விலகுகிறோம், இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் புகாரும் கிடையாது என்று அதில் இருக்கிறது. மார்ச் மாசம் பதினொன்றாம் தேதி, கீழே உன் கையெழுத்து. அப்பா எழுந்து நின்றுவிட்டார். ஐயா, இது எம்புள்ள கையெழுத்தே இல்லீங்க, போர்ஜரி பண்ணிக்கீறாங்க, எம்புள்ள அந்தாளாண்ட ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டாங்க என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். எழுத்தாக எழுதிக் கொடுங்கள், சோதனைக்கு அனுப்பலாம் என்றார்கள். வெளியே வந்ததும் சந்திரமோகன் வண்டியில் சாய்ந்துகொண்டு, இன்னா நைனா, கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஊட்ல புள்ளைய ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா என்றான். அப்பா அவன் சட்டையைப் பிடிக்கப் போனார். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால் பத்தாவது மார்க் ஷீட்டில் நீ போட்ட நாளிலிருந்து அந்தக் கையெழுத்தை நான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

ஈஸ்டருக்கு ஃபிரிட்ஜ் அனுப்பினாய், பிரின்சிக்கு லேப்டாப் வாங்கினாய், ஓவர்டைம் காசு என்றாய். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி எம்புள்ள வாங்கிக் குடுத்தது என்கிறார். அவர் பணத்தை எடுத்து அவருக்கே அன்பளிப்புக் கொடுத்திருக்கிறாய். மீதி எங்கே போனதென்று தெரியவில்லை. கடன் தொல்லை என்றால் கேட்டிருக்கலாம், பேங்கில் இருக்கிற ஒன்றரை லட்சத்தைக் கொடுத்திருப்போம், திட்டியிருப்பேன், ஆனால் கொடுத்திருப்போம். இரண்டு லட்சத்தை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் நம்மைப் பின்னால் போகச் சொன்னதை மனுவில் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன், அது எடுபடாதும்மா, சாட்சி இல்லை என்று திலகவதி வக்கீலம்மா சொல்லியும் விடவில்லை. அதன் மேல் நீ சொந்த விருப்பம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். எவனாவது சொந்த விருப்பத்தில் பள்ளத்துக்குப் போவானா? அவன் கேட்டதும் கொடுத்தாயா, பேரம் பேசிக் கொடுத்தாயா, அதையாவது சொல்.

வக்கீலம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கையெழுத்து நிஜம் என்று வந்தால் கேஸ் அங்கேயே முடிஞ்சிடும்மா, ஆனா பையன் நேர்ல வந்து பணம் அப்பாவோடது, அவங்களைக் கேக்காம போட்டுட்டேன்னு சொன்னா மீதி ரெண்டரை லட்சத்துக்குப் போராடலாம் என்கிறார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வருகிற இருபத்துநாலாம் தேதி, இது என் மகன் கையெழுத்து இல்லை என்று அவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கப் போகிறார். அதற்குள் நீயே அவரிடம் சொல்ல வேண்டும், உனக்கு முன்னால் நான் சொல்ல மாட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவர் பேனாவைத் திறக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தி, இது நம் பிள்ளை போட்டதுதான் என்று அத்தனை பேர் நடுவிலும் சொல்வேன். சந்திரமோகன் சிரிப்பான், சிரிக்கட்டும். பணம் போனாலும் போகட்டும். உனக்காக அவர் பொய்ச்சத்தியம் செய்தவராக அந்தப் படியிறங்கக் கூடாது.

கர்த்தர் உன்னை எந்த விபத்தும் அண்டாமல் காக்கட்டும், உண்மை பேசுகிற தைரியத்தையும் கொடுக்கட்டும். மெஷினில் நிற்கும்போது கவனமாக இரு. இருபத்துமூன்றாம் தேதி இங்கே வந்து சேருகிற மாதிரி ரயில் டிக்கெட் போடு. அப்பா ஆறரைக்கு டூட்டி முடிந்து வருவார், அவர் நம்பருக்கே கூப்பிடு. நீ கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், முதலில் அதை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
பா. ஞானம்மா